கீறல் விழுந்த பொற்காசு

நாணயப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மேசைக்கு இந்நேரம் ஒரு லென்ஸ், ஒரு சின்னத் தராசு, தலையணை மாதிரி நாலு புத்தகங்கள் எல்லாம் வந்து சேர்ந்திருக்கும். அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்று காட்டிக்கொடுக்க என்னைவிடக் கெட்டிக்காரர்கள் அலுவலகத்தில் இருக்கிறார்கள். ஓய்வு பெற்று வீட்டில் கத்தரிக்காய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு, "புதுப் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டார்கள். அதனால் அந்தப் புத்தகங்களில் இல்லாததை எழுதுகிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் வந்து உட்காரும் மனிதர்களைப் பற்றி.

நான் திருச்சிக்காரி. கணவருக்கு இங்கே ஐ.டி. வேலை கிடைத்து ஆக்லாந்து வந்தோம். எல்லர்ஸ்லியில் இருக்கும் நம் ஏல நிறுவனத்தில் முதலில் எனக்குக் கிடைத்தது வரவேற்பு மேசை. நாணயப் பிரிவில் அப்போதிருந்த மூத்த மதிப்பீட்டாளர்தான் என்னை உள்ளே இழுத்துப் போட்டார். அவர் பெயரை எழுத மாட்டேன். தன் பெயரை அச்சில் பார்த்தாலே அவருக்குக் கூச்சம் வந்துவிடும். காது கொஞ்சம் மந்தம். அதனால் யார் பேசினாலும் முகத்தை உற்றுப் பார்த்துக் கேட்பார். வாடிக்கையாளர்கள் அதைத் தங்கள்மீது உள்ள அக்கறை என்று நினைத்தார்கள். அது உண்மையும்தான்.

நம் பிரிவில் எல்லாக் காசுகளும் வரும் என்றாலும், அவருக்கு உயிர் பழைய அமெரிக்கத் தங்கக் காசுகள்மேல். அந்த நாடு தனியாக நாணயம் அடிக்கத் தொடங்கிய முதல் காலத்தில் வந்தவை. திமிங்கிலம் பிடிக்க இந்தப் பக்கம் வந்த கப்பல்காரர்களின் கைவழியாக ஒன்றிரண்டு இந்த ஊரில் தங்கியிருக்கலாம் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. நான் பார்த்தவரை வந்ததெல்லாம் சேகரிப்பாளர்கள் ஏலத்தில் வாங்கி வைத்தவைதான். அந்தக் காசுகளில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஆரம்பகால ஐந்து டாலர் பொற்காசில் ஐந்து டாலர் என்று எங்கேயும் எழுதியிருக்காது. ஒரு பக்கம் தொப்பி போட்ட ஒரு பெண்ணின் தலை, மறுபக்கம் கழுகு. எடையும் தங்கமும்தான் மதிப்பு. அதைக் கையில் வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் சேர்ந்த புதிதில் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு நர்ஸ் பையன், ஏவன்டேல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கினேன் என்று அப்படி ஒன்றைக் கொண்டுவந்தான். முகமெல்லாம் சிரிப்பு. காசின் அடியில் கொட்டை எழுத்தில் ஐந்து டாலர் என்று இருந்தது. போலி செய்தவர் தாராள மனசுக்காரர். நான் கவுன்ட்டரில் நின்றபடியே சொல்லிவிட வாயைத் திறந்தேன். மூத்தவர் என் தோளைத் தொட்டு நிறுத்தி, அவனை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, டீ வரவழைத்து, சந்தையில் அன்று வேறென்ன வாங்கினாய் என்று கேட்டார். கீரையும் ஒரு சைக்கிளும் என்றான். சைக்கிளைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார்கள். அதன் பிறகுதான் காசைப் பற்றிச் சொன்னார். பையன் ஒரு நிமிஷம் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான், பிறகு சிரித்துவிட்டான். "நின்னுட்டிருக்கிற ஆள்கிட்ட விலை சொல்லாதே" என்று பிறகு என்னிடம் சொன்னார். அப்போது அதை ஒரு மரியாதை என்றுதான் எடுத்துக்கொண்டேன். அது எதற்கு என்று புரிய எனக்குப் புவனேஸ்வரி அம்மா வர வேண்டியிருந்தது.

அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

மூத்தவர் ஓய்வு பெற்றுப் போய், பிரிவு என் பொறுப்பில் இருந்த காலம். மழை பிடித்துக்கொண்டு விடாத ஒரு மத்தியானம். சேலைக்கு மேல் தடித்த மழைக்கோட்டு போட்ட ஓர் அம்மா, எழுபது வயதைத் தாண்டியவர், சூப்பர்மார்க்கெட் பை ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி உள்ளே வந்தார். பின்னால் கார்ச் சாவியைச் சுழற்றிக்கொண்டு ஒரு மனிதர், நாற்பதைத் தாண்டியவர். புவனேஸ்வரி அம்மாவும் அவர் மகன் கஜனும். அம்மா பேசியது யாழ்ப்பாணத் தமிழ். மகன் பேசியதில் பெரும்பாலும் ஆங்கிலம். அதை நான் தமிழிலேயே எழுதுகிறேன்.

"நாங்கள் நேரே விஷயத்துக்கு வருகிறோம்" என்றார் கஜன். "அப்பா விட்டுப்போன தங்கக் காசுகள். மனுகாவில் தங்கம் வாங்கும் கடையில் காலையிலேயே கேட்டுவிட்டோம். எடைக்கு எடை விலை சொல்லியிருக்கிறான். இன்றைக்குக் கடை மூடுவதற்குள் போனால்தான் அந்த விலை. போகிற வழியில் உங்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அம்மாதான் பிடிவாதம்."

"இவர் இருக்கேக்க உங்கட இடத்தைப் பற்றித்தான் கதைப்பார்" என்றார் அம்மா. "அதான் வந்தனான், பிள்ளை."

பையிலிருந்து ஒரு மரப்பெட்டி வந்தது. அம்மாவே திறந்தார். உள்ளே நீல வெல்வெட்டில் வட்ட வட்டமான குழிகள். குழிகளில் ஐந்து பொற்காசுகள், நகைக்கடை ஜன்னலில் வைத்த மாதிரி ஜொலித்தன.

அந்த ஜொலிப்பைப் பார்த்ததும் என் கை லென்ஸுக்குப் போனது. இருநூறு வருஷத்துக்கு மேல் வயதான தங்கம் அப்படி மின்னாது. எழுத்துகளின் இடுக்கில், கழுகின் இறகில், மெல்லிய சிவப்பேறிய ஒரு மங்கல் இருக்க வேண்டும். அதை உண்டாக்கக் காலத்தைத் தவிர வேறு எதனாலும் முடியாது. போய்விட்டால் திரும்பி வராது. லென்ஸை வைத்துப் பார்த்தேன். ஐந்து காசுகளிலும் மயிரிழை மயிரிழையாகத் தேய்ப்புக் கோடுகள்.

"வடிவா இருக்குதெல்லே?" அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "நேற்று முழுக்க இருந்து மினுக்கினனான். பற்பசையும் பழைய பிரஷும் போட்டு. இவர் ஒரு நாளும் துடைக்க விடமாட்டார். நாலுபேர் பார்க்கிற சாமானை ஊத்தையாய்க் கொண்டந்து குடுக்கலாமே?"

என் முகம் சொல்லிவிட்டது போலும். கஜன் அதைப் பார்த்துவிட்டார். கைபேசியை எடுத்து ஏதோ தேடினார், படித்தார். பிறகு குரல் உயர்ந்தது.

"அம்மா, பழைய காசைத் தேய்க்கவே கூடாதாம். தேய்த்தால் விலை போச்சாம். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! அப்பா இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்ததை ஒரே நாளில்..."

அம்மாவின் சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது. மகனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார்.

இப்படி ஒரு நிமிஷம் உங்களுக்கும் வரும். அப்போது உண்மையைச் சொல்லித் தீர்த்துவிட்டால் நம் கடமை முடிந்தது என்று தோன்றும். இல்லாவிட்டால், பாவம் என்று மழுப்பிவிடத் தோன்றும். எனக்கு இரண்டும் தோன்றின. மழுப்பினால் ஏலப் பட்டியலில் 'தேய்த்துச் சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதும் நாளில் பொய் வெளிப்படும். அப்படியே போட்டு உடைத்தாலோ, அந்த அம்மா எழுந்து நேரே மனுகாவுக்குப் போவார், காசுகள் உலைக்குப் போகும். போன பிறகு எதையும் திருத்த முடியாது.

மூவரும் நின்றுகொண்டிருந்தோம். அதைக் கவனித்தேன்.

"உட்காருங்கம்மா. கஜன், நீங்களும் உட்காருங்க. டீ போடச் சொல்றேன்."

"கடை மூடிவிடும்" என்றார் கஜன்.

"ஒரு டீ குடிக்கிற நேரந்தான்" என்றேன்.

டீ வந்தது. "டாக்டர் இதையெல்லாம் எப்ப வாங்க ஆரம்பிச்சாரு?" என்று கேட்டேன். அவர் டாக்டர் என்பது பெட்டியின் மூடியில் பொறித்திருந்த பெயரைப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

அம்மா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஊரைவிட்டு இவர்கள் வந்தபோது ஏவன்டேலில் ஒரு சின்ன வாடகை வீடு. டாக்டருக்கு இங்கே திரும்பப் பரீட்சை எழுத வேண்டியிருந்தது. பாஸாகி ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்த கையோடு, கூடுதல் ஷிப்ட் பார்த்துச் சேர்த்த சம்பளத்தில் முதல் காசை வாங்கினாராம்.

"எங்கட ஆக்கள் எல்லாரும் நகை வாங்கினவை, வீடு வாங்கினவை. இவர் மட்டும் ஆரோ ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளையின்ர தலை போட்ட காசு வாங்கினார். வீட்டில ஒரு சோபா இல்லை. எனக்கு வந்த கோபம் உங்களுக்குத் தெரியாது. கழுத்தில போடேலுமோ எண்டு கேட்டன். ஏலாதாம். கடைக்குக் கொண்டுபோய்ச் சாமான் வாங்கேலுமோ எண்டு கேட்டன். அதுவும் ஏலாதாம். அப்ப ஏனப்பா எண்டு கேட்டால், 'இதில விலை எழுதேல்லை, பாத்தீரே' எண்டு சிரிக்கிறார்."

சொல்லும்போதே அவருக்கும் சிரிப்பு வந்தது. நானும் சிரித்தேன். அதன்பிறகுதான் என்னால் பேச முடிந்தது.

"அம்மா, உண்மையச் சொல்றேன். நீங்க தேய்ச்சதால விலை குறைஞ்சிருக்கு. அதை நான் பட்டியல்லயும் எழுதித்தான் ஆகணும். ஆனா இவை இன்னும் அதே காசுதான். அந்தக் காலத்துல அடிச்ச இந்த மாதிரிக் காசு உலகத்துலயே கொஞ்சந்தான் மிச்சம் இருக்கு. தேய்ச்சதுன்னு தெரிஞ்சும் வாங்க ஆள் இருக்காங்க. மனுகாவுல சொன்ன எடை விலையைவிடப் பல மடங்கு கிடைக்கும். தயவுசெஞ்சு உருக்கக் கொடுத்துடாதீங்க."

கஜன் கார்ச் சாவியைச் சுழற்றுவதை நிறுத்தினார். அம்மா தலையை ஆட்டினார்.

"ஓம். என்ர பிழைதான்" என்றார். கூரை ஒழுகுகிறது, அதைத் திருத்தத்தான் விற்கிறேன் என்று சற்றுப் பொறுத்து மெதுவாகச் சொன்னார்.

இந்த இடத்தோடு முடித்திருந்தால் நல்ல ஒரு நாள் வேலை என்று நானும் வீட்டுக்குப் போயிருப்பேன். காசுகளைப் பதிவு செய்யப் பெட்டியைத் திருப்பி வைத்தபோதுதான் கவனித்தேன். குழிகள் ஆறு. காசுகள் ஐந்து. காலியாக இருந்த குழியின் வெல்வெட்டும் மற்றவை போலவே அழுந்திப் பளபளப்பாகத் தேய்ந்திருந்தது. அதில் வெகுகாலம் ஒரு காசு இருந்திருக்கிறது.

"இன்னொண்ணு இருந்துச்சாம்மா?"

இருவரும் ஒரே நேரத்தில் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள். கஜன் ஜன்னலை. அம்மா பையை.

"அது பழுது, பிள்ளை. அதான் முதல் வாங்கினது. கஜன் கீறின காசு."

கஜனுக்கு நாலு வயதாம். அம்மா அடுப்படியில் இருந்தாராம். வந்து பார்த்தால் பிள்ளை தரையில் உட்கார்ந்திருக்கிறான். ஒரு கையில் காசு, மறு கையில் ஸ்க்ரூடிரைவர். காசின் முகத்தில் கோடு கோடாகக் கீறல்.

"சோபாக்குக்கூட வழியில்லாமல் வாங்கின காசு. எனக்குக் கண் மண் தெரியேல்லை. முதுகில ரெண்டு போட்டன். இவர் வந்து, 'பிள்ளையை ஏன் அடிச்சனீர், அந்தக் கோடு முந்தியே இருந்தது' எண்டார். பிள்ளையைக் காப்பாத்தத்தான் அப்பிடிச் சொல்லுறார் எண்டு நான் நினைச்சன். லென்சைக் கொண்டந்து, 'பாரும்' எண்டார். நான் பார்க்கேல்லை."

அதற்குப் பிறகு அது குடும்பத்தில் ஒரு கேலிக்கதையாகிவிட்டது. கல்யாணம், பிறந்தநாள், கோவில் திருவிழா எங்கே கூடினாலும் யாராவது ஒருவர் எடுத்துவிடுவார்களாம்: அப்பன் தங்கம் வாங்கினார், மகன் கீறிப் பார்த்தான்.

"அது இப்ப எங்க இருக்கும்மா?"

கைப்பையைத் திறந்தார். ஒரு டிஷ்யூ பேப்பரில் சுற்றியிருந்தது. "மனுகாக் கடையில உருக்கிறதுக்குக் குடுக்கலாம் எண்டு கொண்டந்தனான். இதை நான் மினுக்கேல்லை. மினுக்கி என்ன செய்யிறது?"

பிரித்தேன். பழைய தங்கத்தின் நிறம் அப்படியே இருந்தது. எழுத்துகளின் ஓரத்தில் அந்தச் சிவப்பு மங்கல். தொப்பிக்காரப் பெண்ணின் முடியின்மேல், நெற்றியின்மேல், பக்கத்து வெற்றிடத்தில், ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் கோடுகள்.

லென்ஸை எடுத்தேன். உடனே எதுவும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். இந்த நாற்காலியிலிருந்து சொல்லும் ஒரு வார்த்தையை ஒரு குடும்பம் ரொம்ப நாள் வைத்துக்கொண்டிருக்கும். அது தவறிப்போகக் கூடாது. மூத்தவரைக் கூப்பிட்டுக் கேட்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். காது இன்னும் மோசமாகிவிட்டதால் தொலைபேசியில் அவரால் பேச முடியாது. நானே பார்த்துத்தான் சொல்ல வேண்டும். விளக்கைச் சரித்து வைத்துப் பார்த்தேன், காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். டீ ஆறிப்போனது.

ஸ்க்ரூடிரைவர் கீறினால் தங்கம் உழுத மண் மாதிரி இரண்டு பக்கமும் சற்று மேலெழும்பி நிற்கும். இந்தக் கோடுகளின் ஓரத்தில் அப்படி எதுவும் இல்லை. கோடுகளே அழுந்தி மழுங்கியிருந்தன. நாலு வயதுப் பிள்ளையின் கை இப்படி நேராகவும் போகாது. முக்கியமாக ஓரிடத்தில், ஒரு கோடு எழுத்து ஒன்றின் அடிக்குள் புகுந்து மறைந்து, எழுத்தின் மறுபக்கம் அதே நேர்கோட்டில் வெளியே வந்து தொடர்ந்தது. எழுத்தின்மேல் கீறலே இல்லை. அப்படியானால் எழுத்து விழுவதற்கு முன்பே கோடு அங்கே இருந்திருக்க வேண்டும்.

அந்தக் காலத்து நாணயச்சாலையில், அச்சு விழுவதற்கு முன் ஒவ்வொரு தங்க வில்லையையும் தராசில் வைப்பார்கள். எடை கூடியிருந்தால் அரத்தால் ராவிக் குறைப்பார்கள். அதற்குப் பிறகுதான் அச்சுக்குப் போகும். சில காசுகளில் அந்த அரத்தின் தடம் அச்சையும் தாண்டி மிச்சம் இருந்துவிடும்.

"கஜன், கொஞ்சம் இங்க வாங்க" என்றேன். லென்ஸை அவர் கையில் கொடுத்து, அந்த எழுத்தைக் காட்டினேன். "இந்தக் கோடு இங்க உள்ள போகுது, அந்தப் பக்கம் வெளிய வருது. பாத்தீங்களா? எழுத்துமேல ஒண்ணும் இல்ல."

"ஆமாம்."

"இந்தக் காசைப் பண்ணினவங்களே அரத்தால ராவின தடம் இது. இதுமேலதான் எழுத்து விழுந்திருக்கு. நீங்க கீறல."

அவர் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒன்றுகூடவா?" என்றார்.

"ஒண்ணுகூட இல்ல. ஸ்க்ரூடிரைவர் கையில இருந்திருக்கலாம். காசுல படல."

அம்மா லென்ஸை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், போட்டுக்கொண்டு பார்த்தார். அவருக்குத் தெரிந்ததா தெரியவில்லையா என்று எனக்குத் தெரியாது. லென்ஸை மேசையில் வைத்தார்.

"அப்ப அவர் மெய்தான் சொன்னவர்" என்றார்.

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. நான் ஏதாவது ஆறுதல் சொல்ல வாயெடுத்து, நல்லவேளை, மூடிக்கொண்டேன்.

கஜன்தான் பேசினார். இந்த முறை அவருக்குத் தெரிந்த தமிழில். "எனக்கு அது ஞாபகமே இல்லையம்மா. நீங்கள் எல்லாரும் சொல்லிச் சொல்லித்தான் எனக்குத் தெரியும்." பிறகு ஆங்கிலத்துக்கு மாறி என்னிடம் சொன்னார். சனிக்கிழமைகளில் அப்பா பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, வா, வந்து பார் என்று கூப்பிடுவாராம். இவர் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவாராம். பக்கத்தில் போனால் மறுபடி எதையாவது பாழாக்கிவிடுவோம் என்று பயம். கொஞ்ச நாளில் அப்பா கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். "அவருக்கு என்மேல் வருத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார்.

"தொட்டுப் பாருங்க" என்றேன். "விளிம்பை மட்டும் பிடிக்கணும், இப்படி. முகத்துல விரல் படக் கூடாது."

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டார். அவ்வளவு கவனமாகக் காசு பிடித்த வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை. அம்மா ஒரு கையை நீட்டி, காசுக்குக் கீழே ஏந்தி வைத்துக்கொண்டார், விழுந்தால் பிடிப்பதற்கு. மனுகாக் கடை மூடியதை யாரும் கவனிக்கவில்லை.

அந்த ஆறாவது காசுதான் பெட்டியிலேயே மிகச் சிறந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரத் தடம் இருந்தாலும், யாரும் கை வைக்காத தங்கம். விலையைச் சொன்னபோது கஜன் திகைத்துப்போனார். அம்மா அசையவில்லை.

"அது விக்கிறதுக்கில்லை. அவனிட்ட இருக்கட்டும். மற்ற அஞ்சையும் வில்லுங்கோ, கூரைக்குக் காணும்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா உங்கட புத்தகத்தில இதையும் போட வேணும்."

"எந்தப் புத்தகம்மா?"

"ஏலத்துக்கு நீங்கள் அடிக்கிற புத்தகம். இவர் கட்டிலடியில அடுக்கி வச்சிருப்பாரே. அதில இந்தக் காசின்ர படத்தைப் போட்டு, இந்தக் கோடு ஆர் போட்டதெண்டு எழுதுங்கோ."

நான் நம் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்லவர், ஆனால் ஏலக்காரர். விற்பனைக்கு இல்லாத பொருளுக்குப் பட்டியலில் எதற்கு இடம், இது என்ன குடும்ப ஆல்பமா என்றார். அச்சுக்குப் போகும் நாள் நெருங்கிவிட்டது, பக்கங்கள் கட்டி முடித்தாகிவிட்டது. நான் பொதுவாக அவரோடு வாதாடுபவள் இல்லை. அன்று உட்கார்ந்து வாதாடினேன். தேய்த்த ஐந்து காசுகளை, தேய்த்தது என்று எழுதியே விற்கப்போகிறோம். வாங்குபவருக்கு இவை யார் கையில், எப்படிப்பட்ட கண்ணோடு சேர்க்கப்பட்டவை என்று தெரிந்தால் நம்பிக்கை வரும். அதற்கு இந்த ஆறாவது காசைவிட நல்ல சாட்சி இல்லை. இதில் நான் ஒரு வார்த்தையும் கூட்டிச் சொல்லவில்லை. அவர் பெருமூச்சு விட்டு அரைப் பக்கம் கொடுத்தார்.

அந்த அரைப் பக்கத்தை எழுத எனக்கு மூன்று பக்கம் எழுதும் நேரம் பிடித்தது. ஆங்கிலத்தில் எழுதியதன் பொருள் இவ்வளவுதான்: சேகரித்தவரின் முதல் காசு, குடும்பத்தார் தங்களிடம் வைத்துக்கொள்கிறார்கள், முகப்பில் உள்ள கோடுகள் நாணயச்சாலையில் எடை சரிபார்த்தபோது விழுந்தவை, பிற்காலத்தில் யாராலும் ஏற்பட்டவை அல்ல. 'யாராலும்' என்ற சொல் நம் பட்டியல் நடைக்கு வேண்டாதது. இருக்கட்டும் என்று விட்டேன்.

ஏலம் நன்றாகவே நடந்தது. ஐந்தையும் ஒரே ஆள், வெலிங்டன்காரர், வாங்கினார். தேய்ப்பைப் பற்றி நாமே முன்கூட்டிச் சொன்னதால் பிறகு ஒரு கேள்வியும் வரவில்லை. அம்மாவும் மகனும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சுத்தியல் விழும் ஒவ்வொரு முறையும் அம்மா கைதட்டினார். அங்கே யாரும் கைதட்டுவதில்லை என்று கஜன் காதில் சொன்னார். அடுத்த காசுக்கு அவரும் சேர்ந்து தட்டினார்.

ஏலத்துக்கு முன்பே, பட்டியல் அச்சாகி வந்த நாளிலேயே, அம்மா ஏவன்டேலிலிருந்து தனியாக ரயிலேறி வந்திருந்தார். அந்தப் பக்கத்தைத் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பிறகு, எத்தனை புத்தகம் தருவீர்கள் என்று கேட்டார். விற்பவருக்கு இரண்டு கொடுப்பது வழக்கம். இரண்டு காணாது என்றார். ஒரு கட்டு கொடுத்தேன். அடுத்த வாரம் திரும்ப வந்தார். இன்னொரு கட்டு. மெல்பர்னுக்கும் டொரன்டோவுக்கும் அனுப்ப வேண்டும், கோவிலில் இரண்டு பேருக்குக் கிடைக்கவில்லை என்றார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, அந்த அம்மாவுக்கு இத்தனை நாணயச் சேகரிப்பாளர்களைத் தெரியுமா என்று ஆவலோடு கேட்டார். சேகரிப்பாளர்கள் இல்லை, சொந்தக்காரர்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை. நானும் விளக்கவில்லை.

சில மாதம் கழித்து ஒரு நாள் கஜன் தனியாக வந்தார். காசை எதில் வைத்துப் பாதுகாப்பது என்று கேட்க வந்ததாகச் சொன்னார். அதைக் கேட்டு முடித்த பிறகும் போகவில்லை.

"மூன்று மாமாக்கள் போன் செய்து என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள்" என்றார். "கனடாவிலிருந்து ஒரு அத்தை அழுதார்."

"அம்மா ஏதாவது சொன்னாங்களா?"

"அம்மா சொல்ல மாட்டார். புத்தகம் கொடுப்பார்." அவர் சிரித்தார். பிறகு சற்றுத் தயங்கி, "அதில் ஒன்று எனக்கு வேண்டும். அம்மா எல்லாவற்றையும் கொடுத்து முடித்துவிட்டார். வீட்டில் ஒன்றுகூட இல்லை" என்றார்.

கிடங்கில் தேடினேன். இல்லை. முன்மேசையில் இல்லை. கடைசியில் நம் பிரிவு அலமாரியில், முதல் ஏலப் பட்டியலிலிருந்து வரிசையாக அடுக்கியிருக்கிறதே, அதிலிருந்து உருவிக் கொடுத்தேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் யாராவது எப்போதாவது அந்த வரிசையைச் சரிபார்ப்பீர்கள். நடுவில் ஒன்று குறையும். தேட வேண்டாம்.